உதைபந்தாட்ட அரங்கும் காவற்படையும்: ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலுமுள்ள ஊர்களுக்கு, இரு கட்சியாகப் பிரிந்து நின்று ஆரவாரிக்கும் கூட்டம் உதைபந்தாட்டத்தோடு வந்து சேர்ந்த புதுமையன்று. கண்ணகியம்மன் வழிபாட்டோடு இணைந்த கொம்பு விளையாட்டிலே ஊரார் வடசேரி, தென்சேரி என இரு பிரிவினராய் நிற்பர். கோவலன் பக்கம் ஒன்று, கண்ணகி பக்கம் மற்றது. வளைந்த இரு கொம்புகள் ஒன்றோடொன்று கொளுவப்பட்டு வடங்கொண்டு இழுக்கப்படும். முறிந்த கொம்புக்குரியோர் தோற்றோராவர். வென்றோர் தோற்றோரை நோக்கி வசைபாடுவதும் அவ்விளையாட்டின் ஓர் அங்கமே. எதிரணியை ஏளனஞ் செய்து பாடும் இன்றைய இரசிகனை அநாகரிகன் எனக் கடிவோர், நம் முன்னோர் அத்தகைய பாட்டை அம்மன் விழாவிலேயே பாடினர் என்பதை மறந்துவிடுகின்றனர். சிங்கள மக்களிடையே பத்தினித் தெய்வத்துக்காக நிகழ்த்தப்படும் அங்கெலியவும் இவ்வகையினதே.

இதனை எடுத்த எடுப்பிற் கூறுவதற்குக் காரணமுண்டு. உதைபந்தாட்ட அரங்குகளில் நேர்ந்த மரணங்களைப் பற்றிப் பேசுவோர் பலர், இரசிகர் என்போர் வெறிகொண்ட கும்பல் என்ற முடிவிலிருந்தே தம் பேச்சைத் தொடங்குகின்றனர். கட்சி கட்டி நிற்றல் வேறு, வெறி வேறு. கடந்த அறுபதாண்டுகளில் நிகழ்ந்த பெருந்துயர்கள் பலவற்றின் வரலாற்றை நுணுகி நோக்கின், வெளியேற வழியற்ற இடத்தில் மக்கள்மீது காவற்படை பிரயோகித்த பலமே அவர்களைக் கொன்றது என்பது புலனாகும்.

இன்றைய உதைபந்தாட்டம் கைத்தொழிற் புரட்சியின் பிள்ளை. 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பிரித்தானியத் துணியாலைகளிற் சனிக்கிழமை பிற்பகலை ஓய்வு நேரமாக்கிற்று. அந்த ஓய்வு நேரத்தை நிரப்பிய ஆட்டம் இது. 1863இல் இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கமும், 1888இல் உதைபந்தாட்டக் கழகங்களின் தொடர்ப்போட்டியும் தோன்றின. நுழைவுச்சீட்டு விற்கவேண்டுமாயின் மைதானத்தைச் சுற்றி மதில் வேண்டும். மதிலுக்கு வாசல் வேண்டும். வாசலுக்குக் காவல் வேண்டும். ஊர்ப் பொதுவெளியில் நடந்த விளையாட்டு அடைக்கப்பட்ட வெளிக்குட் புகுந்த வரலாறு இதுவே. நம் வாவிக்கரை ஊர்கள் பலவற்றில் இன்றும் கயிற்றுக்கு அப்பால் நின்று ஆட்டம் பார்க்கலாம். மழை வந்தால் எத்திக்கிலும் ஓடலாம். மட்டக்களப்பு நகரின் வெபர் அரங்கு போன்ற சிலவே, மிஷனரிமாரின் கல்விப் பணியோடு வளர்ந்த விளையாட்டு மரபின் சின்னங்களாய், அரங்கு என்ற பெயருக்கு உரியனவாக அமைந்தன.

மதில் எழுந்த அதே நூற்றாண்டிலேயே காவற்படையும் எழுந்தது. இலங்கையின் பொலிஸ் கட்டளைச் சட்டம் 1865ஆம் ஆண்டுக்குரியது. அடுத்த ஆண்டிற் படைக்குத் தலைமையேற்ற ஜோர்ஜ் கம்பெல் பம்பாய் மாகாணத்து இரத்தினகிரியிற் பணியாற்றிவிட்டு வந்தவர். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, சட்டவிரோதமான பொது நோக்கத்தோடு கூடும் ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோரைச் சட்டவிரோதக் கூட்டம் என்றது. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டமும் அத்தகைய கூட்டத்தைக் கலைந்துபோகுமாறு பணிக்கவும், பணியாதவிடத்துப் பலம் பிரயோகிக்கவும் அதிகாரம் தருகின்றது. இவ்விதிகளின் தோற்றுவாய் குடியேற்ற ஆட்சி. ஆளப்படுவோர் ஓரிடத்திற் கூடுவதையே ஐயக்கண்ணோடு நோக்கிய ஆட்சி அது. கலைந்து போ என்று கட்டளையிடும் சட்டம், போவதற்கு வழியிருக்கின்றது என்பதை முன்கூட்டியே எடுத்துக்கொள்கின்றது. தெருவுக்கு அது பொருந்தலாம். நாற்புறமும் மதில் சூழ்ந்த அரங்குக்குப் பொருந்துமா?

அறிஞருலகும் இவ்வையத்துக்குத் துணை நின்றது. கூட்டத்துட் புகுந்த மனிதன் தன் அறிவை இழந்துவிடுகின்றான் என 1895இல் எழுதிய பிரெஞ்சு அறிஞர் குஸ்தாவ் லெபோனின் கருத்து ஆட்சியாளருக்கும் படைத்தலைவருக்கும் உவப்பாயிருந்ததில் வியப்பில்லை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துக் கூட்டங்களை ஆவணங்கொண்டு ஆராய்ந்த ஜோர்ஜ் றூடே, அவற்றில் இருந்தோர் பெரும்பாலும் கைவினைஞர், கடைக்காரர், கூலியாளர் என்றும், அவர்கள் நோக்கமின்றித் திரண்டோர் அல்லர் என்றும் காட்டினார். கூட்டத்தின் வரலாறு பற்றிய அவரது பெயர்பெற்ற நூல் வெளிவந்தது 1964இல். லீமா நகரத் துயர் நிகழ்ந்ததும் அவ்வாண்டிலேயாம்.

1964 மே 24ஆம் நாள், பெரு நாட்டின் தலைநகராகிய லீமாவின் தேசிய அரங்கில் பெருவும் ஆர்ஜென்டீனாவும் மோதின. தோக்கியோ ஒலிம்பிக் போட்டிக்கான தகுதிகாண் ஆட்டம் அது. பார்வையாளர் ஏறத்தாழ 53,000 பேர். ஆர்ஜென்டீனா ஒரு கோலினால் முன்னின்றது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையிற் பெரு அடித்த கோலை உருகுவே நாட்டு மத்தியஸ்தர் செல்லாது என்றார். ஒருவர் மைதானத்துட் பாய்ந்தார், பிடிக்கப்பட்டார். இரண்டாவது ஆளும் பாய்ந்தார். அவரைப் பொலிசார் தடியால் அடித்தும் நாயை ஏவியும் நடத்திய விதத்தை முழு அரங்கும் கண்டது. மக்களின் சினம் மத்தியஸ்தரை விட்டுப் பொலிசார்மீது திரும்பியது அக்கணத்திலேதான் என்பர் அன்று அங்கிருந்தோர். வரலாற்று மாணவர் மனங்கொள்ள வேண்டிய கணம் இது. கோல் மறுக்கப்பட்டமை அநீதியாகத் தோன்றியிருக்கலாம். ஆயினும் அது விளையாட்டினுள் அடங்கிய அநீதி. தம்முள் ஒருவன் அடிபடுவதைப் பார்த்திருத்தல் வேறொன்று.

பொருள்கள் எறியப்பட்டன. பொலிசார் பார்வையாளர் இருக்கைகளை நோக்கிக் கண்ணீர்ப்புகைக் குண்டுகளை எறிந்தனர். புகைக்கு அஞ்சிய மக்கள் வெளியே செல்லும் படிக்கட்டுகளில் இறங்கினர். படிக்கட்டின் அடியில் இருந்த இரும்புக் கதவுகள் மூடப்பட்டிருந்தன. முன்னே சென்றோர் கதவில் நெருங்குண்டு நிற்க, அதனை அறியாது பின்னே வந்தோர் மேலும் இறங்கினர். இறந்தோர் 328 பேர் என்பது அரசின் கணக்கு. பெரும்பாலோர் மூச்சுத் திணறியே மாண்டனர். விசாரணை நடத்திய நீதிபதி பெஞ்சமின் கஸ்தாஞேடா இக்கணக்கை முழுமையானதாக ஏற்கவில்லை. துப்பாக்கிச் சூட்டினால் இறந்தோர் அதிற் சேர்க்கப்படவில்லை என ஐயுற்றார். புகைக்குண்டுக்கு ஆணையிட்ட பொலிஸ் அதிகாரிக்கு முப்பது மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

கண்ணீர்ப்புகையைப் பற்றி ஈண்டு ஒரு சொல். முதலாம் உலகப்போரின் தொடக்கத்திற் போர்க்களத்துக்கு வந்த கருவி அது. 1993ஆம் ஆண்டின் இரசாயன ஆயுத உடன்படிக்கை அதனைப் போர்முறையாகக் கையாளுதலைத் தடைசெய்கின்றது. உள்நாட்டிற் சட்டத்தை நிலைநாட்டும் பொருட்டுக் கையாளுதலை அனுமதிக்கின்றது. பகைநாட்டுப் படைவீரன்மீது வீசலாகாத ஒன்றைச் சொந்த நாட்டுக் குடிமகன்மீது வீசலாம் என்பது இதன் பொருள். சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனமாகிய பீபா தன் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளிற் கூட்டத்தைக் கலைக்கும் புகையை அரங்கினுட் கொண்டுசெல்லுதலும் ஆகாது என விதித்துள்ளது. எனினும் உள்நாட்டுப் போட்டிகளின்போது வாசலில் நிற்கும் பொலிஸ்காரர் பெறும் கட்டளை அவரது மேலதிகாரியிடமிருந்தே வருகின்றது.

லீமாவின் பாடம் கற்கப்படவில்லை. 2001 மே 9ஆம் நாள் கானா நாட்டின் அக்ரா அரங்கிலே, தோல்வியுற்ற அணியின் இரசிகர் சிலர் இருக்கைகளைப் பெயர்த்தெறிந்தனர், பொலிசார் புகைக்குண்டு வீசினர், வாயில்கள் பூட்டப்பட்டிருந்தன, நூற்றிருபத்தைந்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கதை முழுவதும் ஒன்றே, ஊர்தான் வேறு.

இந்தோனேசியாவின் மலாங் மாவட்டத்துக் கன்ஜுருஹான் அரங்கில் 2022 ஒக்டோபர் முதலாம் நாள் நிகழ்ந்ததை விரித்துரைத்தல் தகும். அங்கே இரசிகர் மோதலுக்கு இடமே இருக்கவில்லை. பகையணியாகிய பெர்செபாயாவின் இரசிகருக்கு அனுமதி மறுக்கப்பட்டிருந்தமையால், அரங்கை நிறைத்தோர் அனைவரும் அரேமா அணியினரே. 38,000 பேருக்குரிய இடத்துக்கு ஏறத்தாழ 42,000 சீட்டுகள் விற்கப்பட்டிருந்தன. அரேமா 2–3 எனத் தோற்றது. சொந்த மைதானத்தில் அப்பகையணியிடம் இருபத்துமூன்று ஆண்டுகளில் அடைந்த முதற் தோல்வி அது. இரசிகர் மைதானத்துள் இறங்கினர். பொலிசார் தடியோடும் கேடயத்தோடும் அவர்களைத் துரத்தியதோடு அமையாது, இருக்கைகளில் இருந்தோர்மீதும் புகைக்குண்டு சுட்டனர். இறங்காதவன் செய்த குற்றம் யாது? புகையினின்று தப்ப வாயிலை நாடினோர் ஒடுங்கியவையும் மூடியவையுமான கதவுகளிற் சிக்கினர். 135 பேர் மாண்டனர். அவருட் சிறுவர் பலர். சில நாட்களின்பின் மலாங் பொலிசார் நிலத்தில் வீழ்ந்து வணங்கி மன்னிப்புக் கேட்டனர். அரசு நியமித்த உண்மையறியுங் குழு, இறப்புகளுக்கு முதன்மைக் காரணம் கண்ணீர்ப்புகையே என்றது.

இவ்விடத்து எழக்கூடிய மறுப்பொன்றை ஒதுக்கிவிடலாகாது. இரசிகர் எப்போதும் குற்றமற்றவரா? அல்லர். 1980 ஓகஸ்ட் 16ஆம் நாள் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் மோகன் பகானும் கிழக்கு வங்காள அணியும் ஆடியபோது, இரு பக்கத்து இரசிகரும் ஒரே பகுதியில் அடுத்தடுத்து அமர்த்தப்பட்டிருந்தனர். களத்தில் ஆட்டக்காரர் மோதிக்கொள்ள, இருக்கைகளிலும் கைகலப்பு மூண்டு பதினாறு பேர் உயிரிழந்தனர். அங்கே பொலிசாரின் பலம் கொன்றது எனல் பொய்யாகும். காவல் வேண்டாம் என்பாருக்குக் கல்கத்தா மறுமொழியாகும். ஆனால் அக்காவல் எத்தகையது என்ற வினா எஞ்சி நிற்கின்றது.

அவ்வினாவுக்குச் சோதனைக்களமாய் அமைந்தது 2004இல் போர்த்துக்கல்லில் நடந்த ஐரோப்பியக் கிண்ணப் போட்டி. கிளிபோர்ட் ஸ்டொட் முதலிய சமூக உளவியலாளர், எல்லோரையும் ஒரே கும்பலாக நடத்தும் பொலிஸ் முறையே அமைதியானோரையும் கலகக்காரரோடு ஒன்றுசேர்க்கின்றது என்று முன்னரே காட்டியிருந்தனர். பெருநகரங்களுக்குப் பொறுப்பான பொலிசார் அவர்தம் ஆலோசனையை ஏற்றனர். கவசமணியாத சாதாரண உடைப் பொலிசார் இருவர் மூவராய் இரசிகரிடையே உலாவி உரையாடினர். கலகமடக்கும் படை கண்ணுக்கு மறைவாய் நின்றது. கலகத்துக்குப் பெயர்போன ஆங்கில இரசிகர் பல்லாயிரக்கணக்கில் வந்திருந்தும் அந்நகரங்களிற் குழப்பம் மிக அரிதாகவே இருந்தது. வேறொரு படையின் பொறுப்பிலிருந்த அல்புபெய்ரா என்ற கடற்கரைப் பட்டினத்திலோ, அதே ஆங்கில இரசிகர் இரவிற் பொலிசாரோடு மோதினர். லெபோன் வாழ்ந்திருப்பின் இவ்விரண்டையும் எவ்வாறு விளக்கியிருப்பாரோ அறியோம்.

துயர் நிகழ்ந்தபின் எழுதப்படும் கதையும் ஆராய்ச்சிக்குரியது. அக்ராவிற் குற்றஞ்சாட்டப்பட்ட பொலிஸ் அதிகாரிகள் அறுவரும் 2003இல் விடுவிக்கப்பட்டனர். கன்ஜுருஹான் வழக்கில் 2023 மார்ச்சில் அதிகாரிகள் இருவரை விடுவித்த நீதிமன்றம், புகையைக் காற்று வேறு திசைக்குக் கொண்டுசென்றது எனக் காரணங் கூறிற்று. உச்சநீதிமன்றம் அவ்விடுதலையை அவ்வாண்டிலேயே நீக்கி இருவரையும் சிறைக்கு அனுப்பியது. காற்றின்மீது பழிபோடுதல் எல்லாக் காலத்தும் எளிது. அதனினும் எளிது இறந்தோர்மீது போடுதல்.

1989 ஏப்பிரல் 15ஆம் நாள் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்து ஹில்ஸ்பரோ அரங்கில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. அங்கே தடியுமில்லை, புகையுமில்லை. கலகத்தை எதிர்பார்த்து இரசிகரை அடைத்துவைக்கக் கட்டிய கம்பிக் கூடுகளே கொன்றன. வெளியே நெரிசல் மிக, பொலிசாரே ஒரு வாயிலைத் திறக்கப் பணித்தனர். உட்புகுந்தோர் ஏற்கெனவே நிரம்பி வழிந்த கூடுகளை நோக்கிச் சென்றனர். நசுங்குண்டோர் உயிர்தப்பக் கம்பிவேலியில் ஏறியபோது, அதனை மைதானத்துட் புகும் கலகமெனக் கருதிய பொலிசார் முதலில் அவர்களைத் திருப்பித் தள்ளினர். இறந்தோர் தொகை இறுதியில் 97. இரசிகர் வாயிலை உடைத்துப் புகுந்தனர் எனப் பொலிஸ் அதிகாரி அன்றே கூறிய பொய் உலகெங்கும் பரவிற்று. நீதிபதி ரெய்லர் அவ்வாண்டிலேயே பொலிஸ் கட்டுப்பாட்டின் தோல்வியைச் சுட்டினார். ஆயினும் பொலிசார் தம் சாட்சிக் கூற்றுக்கள் 164ஐத் திருத்தியமை 2012இலேதான் சுயாதீனக் குழுவினால் வெளிப்பட்டது. இறந்தோர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர், இரசிகர்மீது தவறில்லை என்ற முடிவு 2016இல் வந்தது. இருபத்தேழு ஆண்டுகள்!

இவற்றை வாசிக்கும் இலங்கைத் தமிழ் மாணவர் எவருக்கும் 1974 ஜனவரி 10ஆம் நாள் நினைவுக்கு வராதிராது. யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபத்தின்முன் நிகழ்ந்தது உதைபந்தாட்டமன்று. நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிநாட் பொதுக்கூட்டம். கூடியிருந்தோரும் வெற்றி தோல்விக்காக வந்தோரல்லர். பேராசிரியர் நைனா முகம்மது ஆற்றிய தமிழுரையைக் கேட்டுக்கொண்டிருந்த குடும்பத்தினர். ஆயினும் நிகழ்ச்சியின் ஒழுங்கு நாம் கண்ட அதே ஒழுங்கு: பெருங்கூட்டம், வழிவிடுமாறு கட்டளை, கண்ணீர்ப்புகை, துப்பாக்கி வேட்டு. அறுந்து வீழ்ந்த மின்கம்பி பலரின் உயிரைக் கொண்டது. ஒன்பதின்மர் மாண்டனர் என்பது பெரிதும் வழங்கும் தொகை. அதனிற் கூடுதலாகக் கூறுவோரும் உளர்.

அரசு விசாரணைக் குழு எதனையும் நியமிக்கவில்லை. ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதியரசர்களாகிய டி கிரெற்சர், மாணிக்கவாசகர் ஆகியோரும் பேராயர் குலேந்திரனும் குடிமக்களின் சார்பில் விசாரணை நடத்தினர். பொலிசாரின் நடவடிக்கைக்கு நியாயமில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. அம்முடிவுக்குச் சட்டவலு இல்லை; எவரும் தண்டிக்கப்படவுமில்லை. இறந்தோருக்கான நினைவுத்தூண்கள் மண்டபத்தின் எதிரே நிற்கின்றன.