பெங்களூரில் உழவர் கிளர்ச்சியும் கம்பெனிகளின் பதிலும்

மக்களின் எதிர்ப்புக்குப் பன்னாட்டுக் கம்பெனிகள் எவ்வாறு பதிலிறுக்கின்றன என்னும் சரித்திரத்தில் பெங்களூருக்குத் தனி அத்தியாயம் உண்டு. 1980-இல் தோன்றிய கர்நாடக ராஜ்ய ரைத்த சங்கம் என்னும் உழவர் அமைப்பு, பேராசிரியர் எம். டி. நஞ்சுண்டசுவாமியின் தலைமையில், காட் என்னும் உலக வாணிப உடன்படிக்கைக்கான டங்கல் வரைவு விதைமீதும் காப்புரிமைக்கு வழிவிடும் என்று அஞ்சி, 1992 டிசம்பர் 29 அன்று கார்கில் விதைக் கம்பெனியின் நகர அலுவலகத்தில் புகுந்து, கோப்புகளை வெளியே வாரியெறிந்து தீயிட்டது. மறு ஆண்டு பெல்லாரி மாவட்டத்தில் கார்கிலின் ஆலையும் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. சொத்தை அழிக்கும் முறையை ஏற்பதற்கில்லை. ஆயினும் விதையைச் சேமித்து மறு போகத்தில் விதைக்கும் பரம்பரை உரிமை பறிபோகும் என்ற அச்சம் முற்றிலும் நியாயமானது.

பெங்களூரின் பிரிகேட் சாலையில் 1995-இல் கென்டக்கி கோழி வறுவல் கடை திறக்கப்பட்டபோது, மசாலாவில் அஜினோமோட்டோ அனுமதிக்கப்பட்ட 1 சதவீதத்தை மீறி 2.8 சதவீதம் இருப்பதாகக் கூறி மாநகராட்சி உரிமத்தை ரத்துச் செய்தது. கம்பெனி உயர்நீதிமன்றத்தை நாடி, கடையைத் திறக்க அனுமதி பெற்றது. 1996 ஜனவரி 30 அன்று சங்கத்தார் உள்ளே புகுந்து அதை நொறுக்கினர்.

மற்றொரு பன்னாட்டு விதைக் கம்பெனியான மான்சாண்டோவின் பதிலே ஆழ்ந்து கவனிக்கத்தக்கது. 1998 நவம்பரில் அக்கம்பெனியின் மரபணு மாற்றிய பி.டி. பருத்திச் சோதனை வயல்களில் செடிகளைப் பிடுங்கி உழவர்கள் எரித்தபோது, முளைக்காத விதையைத் தரும் ‘டெர்மினேட்டர்’ நுட்பம் அப்பருத்தியில் இல்லையென்று கம்பெனி மறுத்தது. உலகெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பின், 1999 அக்டோபரில் அதன் தலைவர் ராபர்ட் ஷாபிரோ அந்நுட்பத்தை வாணிபத்துக்குக் கொண்டுவருவதில்லை என்று பகிரங்கமாக உறுதியளித்தார். கிளர்ச்சிக்கு ஒரு கம்பெனி இவ்வளவு தூரம் இறங்கிவந்தது அபூர்வம். ஆனால் பி.டி. பருத்தியை அது கைவிடவில்லை. அரசாங்கத்தின் அங்கீகாரக் குழுவின் வழியே சென்று 2002 மார்ச்சில் அனுமதி பெற்றுவிட்டது.

அதே வழியில், மான்சாண்டோவின் இந்தியக் கூட்டாளியான மஹிகோ கம்பெனியின் பி.டி. கத்தரிக்காயும் 2009 அக்டோபரில் குழுவின் சம்மதத்தைப் பெற்றது. ஆனால் அப்போதைய மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் பொது விசாரணை நடத்தினார். இறுதி விசாரணை பெங்களூரில் நிகழ்ந்தது. 2004-இல் காலமான நஞ்சுண்டசுவாமி அதைக் காணவில்லை. 2010 பிப்ரவரி 9 அன்று விதிக்கப்பட்ட தடை இன்னும் நீக்கப்படவில்லை.