பிண்ணாக்கும் புண்ணாக்கும்

எள், நிலக்கடலை, தேங்காய், பருத்திக்கொட்டை முதலியவற்றிலிருந்து எண்ணெயைப் பிழிந்தபின் மிஞ்சும் சக்கைக்குத் தமிழில் பிண்ணாக்கு என்று பெயர். ஏட்டில்தான் பிண்ணாக்கு, பேச்சிலும் கடைப் பலகையிலும் அது புண்ணாக்கு. இந்த உகரம் பிழையன்று. ப, வ போன்ற இதழொலிகளை அடுத்து வரும் இகரம், அதன் பின்னால் ட, ண, ள முதலிய நாவளை ஒலி நின்றால், பேச்சுத் தமிழில் உகரமாகக் குவியும். பிள்ளை புள்ளையானதும், பிடி புடியானதும், சில வட்டாரங்களில் வீடு வூடானதும் அந்த வழியில்தான். ‘புண் ஆக்குவது’ என்று சொல்லைப் பிரித்துக் காட்டுவது வேடிக்கைக்கு உதவும்; சொல்லாராய்ச்சிக்கு உதவாது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இச்சொல்லை வடமொழிப் ‘பிண்யாக’த்தோடு இணைக்கிறது. பாலியில் இது ‘பிஞ்ஞாக’. உடலை வருத்தும் துறவிகள் எவற்றையெல்லாம் உண்டார்கள் என்று பௌத்த நூல்கள் அடுக்கும்போது, பிண்ணாக்கை மட்டுமே தின்று வாழ்ந்தவர்களையும் சேர்த்துச் சொல்கின்றன. சமண ஆகமங்களின் அர்த்தமாகதியிலோ ‘பிண்ணாக’ என்றே வருகிறது. பிண்ணாக்குக் கட்டியை மனிதன் என்று நினைத்து ஒருவன் ஈட்டியால் குத்தினால் அது கொலைப் பாவமா என்ற வாதம் ‘சூயகடங்க’ நூலில் இருக்கிறது. தமிழ் வடிவம் வடமொழியைவிட இந்தப் பிராகிருத வடிவத்துக்கே நெருக்கமாக நிற்பது கவனிக்கத்தக்கது.

இத்தோடு வழக்கு முடியவில்லை. பிழிவதற்குத் தெலுங்கில் ‘பிண்டு’, கன்னடத்தில் ‘ஹிண்டு’. பிண்ணாக்குக்குக் கன்னடச் சொல் ‘ஹிண்டி’. தெலுங்கில் எள்ளுப் பிண்ணாக்கு ‘தெலகபிண்டி’. பிழிதலும் பிழிந்த சக்கையும் ஒரே வேரில் நிற்பது திராவிட மொழிகளுக்கு இயல்பானது என்பதால், வடமொழிச் சொல்லே தெற்கிலிருந்து போயிருக்குமோ என்ற ஐயத்துக்கும் இடமுண்டு. எனினும் ‘பிண்டு’விலிருந்து ‘பிண்யாக’த்துக்குப் போகும் ஒலிப்பாதை தெளிவாக இல்லை. கையிலுள்ள சான்றுகளை வைத்துப் பார்த்தால் லெக்சிகன் பக்கமே தராசு சாய்கிறது.

சொல்லின் வயது இருக்கட்டும், பொருள் மிகப் பழையது. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் இரண்டாம் பகுதியில், ஆநிரைக் கண்காணிப்பாளரின் கடமைகளைச் சொல்லும் இடத்தில், உழைக்கும் எருதுக்குரிய தீனியை அளவோடு தருகிறது: பசுந்தீவனம் அரை பாரம், புல் அதைப்போல் இரு மடங்கு, பிண்ணாக்கு ஒரு துலாம், தவிடும் நொய்யும் பத்து ஆடகம், உப்பு ஐந்து பலம். நார்த்தீனி, புரதம், மாவு, உப்பு என்று இன்றைய கால்நடை மருத்துவர் பிரிக்கும் பிரிவுகள் அப்படியே அதில் உள்ளன.

தமிழகத்தில் முதலில் பிண்ணாக்கு என்றால் எள்ளுப் பிண்ணாக்குதான் என்று கொள்வதில் தவறில்லை. எண்ணெய் என்ற பொதுப்பெயரே ‘எள் நெய்’ அல்லவா? சோழர் கல்வெட்டுகளில் செக்குக்கு விதித்த வரி ‘செக்கிறை’ எனப்படுகிறது. மரச்செக்கில் எள் ஆட்டும்போது எண்ணெய் பிரிவதற்காகக் கருப்பட்டி சேர்ப்பார்கள். அதனால் அந்தப் பிண்ணாக்கில் இனிப்பு இருக்கும். மாட்டுக்குப் போகும் வழியில் பிள்ளைகள் கையில் கொஞ்சம் நின்றுவிடும். கடலைப் பிண்ணாக்கு பிந்தி வந்தது. நிலக்கடலை தென்னமெரிக்கப் பயிர். ஆர்க்காட்டுப் பக்கம் மணிலாக்கொட்டை என்றும் மல்லாட்டை என்றும் அழைக்கப்படுவதே அது கடல் கடந்து வந்ததற்குச் சாட்சி. ஆனால் எல்லாப் பிண்ணாக்கும் தீனியாகாது. இலுப்பைப் பிண்ணாக்கு தலை தேய்த்துக் குளிக்க, வேப்பம் பிண்ணாக்கு வயலுக்கு. ஆமணக்குப் பிண்ணாக்கில் கொடிய நஞ்சு உண்டு. அது எருவுக்கு மட்டுமே.

இலங்கையில் சொல் இன்னொரு பயணம் போனது. சிங்களத்தில் ‘புன்னக்கு’, தேங்காய் எண்ணெய் வணிகத்தின் வழியே ஆங்கிலத்தில் ‘பூனாக்’. ஆங்கில அகராதி வரை ஏறியது ஏட்டுப் பிண்ணாக்கு அன்று, பேச்சுப் புண்ணாக்கு. உள்ளூரிலோ அதே சொல் வசையாக இறங்கியது. ‘ஒரு புண்ணாக்கும் தெரியாது’ என்றால் ஒன்றுமே தெரியாது. ‘மண்டையில் புண்ணாக்கு’ என்றால் மூளையில்லை. எண்ணெய் போனபின் மிஞ்சியது, அதுவும் மாடு தின்பது என்ற இரண்டு இளக்காரங்கள் இதில் சேர்ந்திருக்கின்றன.

இந்த இளக்காரம் மழைக்காலத்துக்கு மட்டும் பொருந்தும். கோடை நீண்டு வறட்சியாகும்போது பச்சை போய்விடும். வைக்கோலும் சோளத்தட்டையும் மட்டும் மிஞ்சும். வைக்கோலில் புரதம் 100-க்கு 3 அல்லது 4 பங்குதான். மாட்டின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் நாரைச் செரிக்கவேண்டுமானால் தீனியில் ஏறத்தாழ 7 பங்காவது புரதம் வேண்டும். அது குறைந்தால் நுண்ணுயிர்கள் பெருகா, நார் கரையாது, வயிற்றில் இடம் காலியாகாததால் மாடு மேற்கொண்டு தின்னாது. வயிறு நிறைய வைக்கோலை வைத்துக்கொண்டே மாடு பட்டினியால் மெலியும். விலா எலும்பு தெரிந்தபின் வைக்கோலை இன்னும் அள்ளிப் போடுவது பயன் தராது.

இங்கேதான் புண்ணாக்கின் வேலை. கடலைப் புண்ணாக்கில் 45, எள்ளில் 40, தேங்காயில் 20 பங்கு அளவில் புரதம் உண்டு. நாளொன்றுக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை ஊறவைத்துக் கழுநீரோடு காட்டினால், மாடு தின்னும் வைக்கோலின் அளவும் கூடும், செரிமானமும் கூடும். யூரியாவும் வெல்லப்பாகும் சேர்த்த நக்குக்கட்டி நுண்ணுயிர்களின் தேவையை மலிவாகத் தீர்க்கும். ஆனால் புண்ணாக்குப் புரதத்தில் ஒரு பங்கு முதல் வயிற்றில் சிதையாமல் தாண்டிப்போய் மாட்டுக்கே நேராகக் கிடைக்கிறது. அதை யூரியா தராது. வெப்பமண்டலக் கால்நடைத் தீனியைப் பற்றி பிரெஸ்டனும் லெங்கும் 1987-இல் வெளியிட்ட நூலின் மையக் கருத்துகளில் இதுவும் ஒன்று.

2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. அடுத்த சனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. கிடங்குகள் திறந்து மானிய விலையில் உலர்தீவனம் விற்கப்பட்டது. அது தேவையான உதவி. ஆயினும் வறட்சி நிவாரணத்தை வைக்கோல் டன்னால் மட்டும் அளப்பது அரைக் கணக்கு.

புண்ணாக்கை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. 1960-இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை விளைவித்த நஞ்சே காரணம் என்று கண்டுபிடித்து அதற்கு அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டார்கள். கடலைச் செடி காய் முற்றும் பருவத்தில் நீரின்றி வாடினால் இந்தப் பூஞ்சை எளிதில் ஏறும். ஆகவே புண்ணாக்கு மிகவும் வேண்டியிருக்கும் ஆண்டில்தான் கடலைப் புண்ணாக்கை மிகவும் ஐயுற வேண்டியிருக்கிறது. நஞ்சின் ஒரு பகுதி பாலிலும் இறங்கும். பூசணம் படிந்த புண்ணாக்கை வெயிலில் உலர்த்தினாலும், ஊறவைத்தாலும், கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போவதில்லை.