ஓடினால் மட்டும் போதுமா?

ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரம். வருடம் 1677. லேவன்ஹுக் என்கிற ஜவுளி வியாபாரி, தானே தேய்த்துச் செய்த லென்ஸ் வழியாக ஒரு விந்துத் துளியைப் பார்த்தார். உள்ளே, வால் வைத்த குட்டிக் குட்டி ஜீவன்கள் நெளிந்து நீந்திக்கொண்டிருந்தன! லண்டன் ராயல் சொஸைட்டிக்குக் கடிதம் போட்டார். ‘அருவருப்பாகத் தோன்றினால் வெளியிட வேண்டாம்’ என்று முன்ஜாக்கிரதையாக ஒரு குறிப்பும் சேர்த்தார், பாவம்!

அன்று பிடித்த பழக்கம்தான். விந்து நல்லதா, மட்டமா? நீந்துகிறதா என்று பார்!

1949-ல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் கிளிசரின் கலந்தால் விந்தணு உறைந்தாலும் சாகாது என்று கண்டுபிடித்தார்கள். பிறகென்ன? பொலிகாளை கப்பலேறாமலே கடல் தாண்டியது. 2014-ல் இறந்துபோன ‘டாய்ஸ்டோரி’ என்ற அமெரிக்கக் காளையின் விந்து மட்டும் 24 லட்சம் குழாய்களுக்கு மேல்!

எல்லாக் காளைக்கும் அந்த ராசி இல்லை. சிலவற்றின் விந்தணு மைக்ராஸ்கோப்பில் ஜோராக நீந்தும். பசுவுக்கு சினை ஊசி போட்டால் நிற்காது. 21 நாள் கழித்து பசு மறுபடி கத்தும். மாட்டுக்காரருக்கு ஊசிக் காசு போச்சு, மூன்று வாரத் தீவனம் தண்டம். கன்று தள்ளிப்போனால் பாலும்தானே தள்ளிப்போகும்?

கோளாறு எங்கே? சந்தேகம் ஆர்.என்.ஏ. பக்கம் திரும்பியது. டி.என்.ஏ. மூலப் பத்திரம் என்றால், அன்றாட வேலைக்கு அதிலிருந்து எடுக்கிற நகல் ஆர்.என்.ஏ. விந்தணுவோ, வேகமாக ஓடுவதற்காக மூட்டை முடிச்சையெல்லாம் உதறிவிட்டுக் கிளம்புகிற ஆசாமி. அதில் கொஞ்சம் ஆர்.என்.ஏ. ஒட்டியிருந்தால் அது பழைய குப்பை என்றே ரொம்ப நாள் நினைத்தார்கள்.

2004-ல் அமெரிக்காவின் ஸ்டீஃபன் கிராவெட்ஸ் குழு ஒரு குண்டைப் போட்டது. மனித விந்தணுவின் ஆர்.என்.ஏ. முட்டைக்குள்ளேயே போய்ச் சேருகிறதாம்! 2008-ல் கனடா ஆராய்ச்சியாளர்கள் ஹோல்ஸ்டீன் காளைகளை எடுத்துக்கொண்டார்கள். நன்றாகச் சினை பிடிக்க வைக்கிற காளைக்கும், சொதப்புகிற காளைக்கும் விந்தணு ஆர்.என்.ஏ.-வில் வித்தியாசம் தெரிந்தது.

அந்த வித்தியாசம்தான் காரணமா, அல்லது விந்து உருவாகும்போதே நடந்த வேறு கோளாறின் அடையாளமா? இந்த வழக்கில் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

நான் காமர்ஸ் படித்தவன். எனக்குப் புரிந்தது இதுதான்: லாரி ஓடுகிறதா என்று முந்நூறு வருஷம் பார்த்தோம். சரக்கோடு சலானும் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கிறோம். பதில் கிடைத்தால், மாட்டுக்காரருக்கு அந்த 21 நாள் மிச்சம்!