ஒளி இழந்த ஓவியர்

ஓவியம் கண்ணுக்குரிய கலை. ஆதலின் பார்வை இழந்தவர்க்கு அதில் இடமில்லை என்று உலகம் நெடுங்காலம் எண்ணி வந்தது. அவ்வெண்ணம் எத்துணைக் குறுகியது என்பதை வங்க நாட்டு ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜியின் வரலாறு காட்டும்.

அவர் 1904-ஆம் ஆண்டில் பிறந்தார். ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றொன்றிலோ கடுமையான கிட்டப்பார்வை. 1919-இல் சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தில் சேர்ந்தார். இத்தகைய மாணவர் ஓவியம் பயில இயலுமோ என்று ஆசிரியர் நந்தலால் போஸ் ஐயுற்றார். ஊக்கத்தோடு பயில்பவரைத் தடுத்தல் வேண்டா என்பது தாகூரின் கருத்து. அக்கருத்தே நிலைத்தது.

மாணவர் பின்னர் அங்கேயே ஆசிரியரானார். 1947-இல் இந்தி பவனத்தின் சுவர்களில் இடைக்கால அடியார்களின் வாழ்வைப் பேரோவியமாகத் தீட்டினார். ஈரச் சுண்ணம் உலருமுன் வண்ணம் பூசி முடிக்க வேண்டிய அரிய முறை அது. அடித்த கோட்டை அழித்துத் திருத்த இயலாது. இராமானுசர், கபீர், துளசிதாசர் ஆகியோருடன், கண்ணில்லாதவர் என்று மரபு போற்றும் சூர்தாசரும் அச்சுவரில் காட்சி தருகிறார். ஏறத்தாழப் பத்தாண்டு கழிந்து, கண்ணில் செய்த அறுவை சிகிச்சை பயன் தராமையால், ஓவியரும் பார்வையை முற்றும் இழந்தார்.

மாணவர்களே! அவர் தொழிலைத் துறந்தாரோ? இல்லை, கருவியை மாற்றிக்கொண்டார். தூரிகையின் ஈரக்கோட்டை விரல் அறியாது. கத்தரித்த தாளின் விளிம்பை அறியும். ஆகவே வண்ணத்தாளை வெட்டியும் மடித்தும் ஒட்டியும் மனித உருவங்களை அமைத்தார். மெழுகையும் களிமண்ணையும் பிசைந்து சிற்பம் செய்தார். பல்லாண்டு கண்ட வடிவங்கள் நினைவில் நின்றன. தொடுவுணர்வு அவற்றுக்கு உருக்கொடுத்தது. மடித்த தாளுருவங்களைக் கொண்டே 1972-இல் கலாபவனச் சுவரொன்றில் ஓட்டுச் சித்திரம் எழுந்தது. அவருடைய மாணவராக இருந்த சத்தியஜித் ராய் அவ்வாண்டிலேயே ஆசிரியரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். 1974-இல் பத்ம விபூஷண் விருது வந்தது. 1980-இல் அவர் மறைந்தார்.

பார்வை இழந்த பின் அவர் ஆக்கியவை இரக்கத்தால் போற்றப்படுவன அல்ல. சுருங்கிய கோடும் திண்ணிய வடிவமும் கொண்ட அவை, இந்தியக் கலைக்குப் புதியதொரு செல்வமாயின. 1919-இல் ஓர் ஐயம் கதவை அடைத்திருக்குமாயின் அச்செல்வம் நமக்கு வாய்த்திராது. குறையுடையவரைக் கலைக்கூடத்தின் வாயிலில் நிறுத்துவோர், அவர்க்கு மட்டுமன்று, கலைக்கும் இழப்பை உண்டாக்குகின்றனர்.