அடுப்பேறாத பாற்கட்டிக் கேக்

மேலைநாட்டு இனிப்புப் பண்டங்களுள் பாற்கட்டிக் கேக்கும் ஒன்று. அதனை அடுப்பிலேற்றிச் சுடாது, குளிரிலே உறையவைத்துச் செய்யும் முறை இன்று இலங்கையின் நகர்ப்புற வீடுகளுக்கும் வந்து சேர்ந்திருக்கின்றது. நொறுக்கிய பிஸ்கற்றினால் அடித்தளம். அதன்மேல் தேயிலை மணமூட்டிய மென்பாற்கட்டி. உச்சியில் ஸ்ட்ரோபெரிப் பழப்பாகு. இவ்வளவே பண்டம். தீயின்றி ஆவது என்று இதனைச் சொல்வர். அச்சொல் பாதியே உண்மை. வீட்டு அடுக்களையிலே தீ மூளவில்லையாயினும், இதிற் சேரும் பொருள்களுட் பெரும்பாலானவை பிறர் மூட்டிய தீயைக் கண்டு வந்தவை. அத்தீ வீட்டைவிட்டு வெளியேறிய வரலாறே இக்கேக்கின் வரலாறாகும்.

தொடக்கத்தில் இது முற்றிலும் அடுப்பின் பண்டமாகவே இருந்தது. கி.மு. 160ஆம் ஆண்டளவில் உரோம அரசியலாளரான முதிய கேற்றோ வேளாண்மை பற்றி எழுதிய நூலிலே 'லீபம்' என்னும் பணியாரத்துக்கு முறை கூறுகின்றார். 2 இறாத்தல் பாற்கட்டியை உரலிலே நன்றாக இடித்து, 1 இறாத்தல் மாவும் 1 முட்டையும் சேர்த்துப் பிசைந்து, இலைகளின்மீது வைத்து, சூடேறிய அடுப்புத் தளத்தில் மட்சட்டியாற் கவிழ்த்து மூடி, மெல்லச் சுடவேண்டும் என்பது அவர் விதி. கார்த்தேஜ் நகரை அழித்தே தீரவேண்டுமென்று ஓயாது முழங்கிய அதே மனிதர், பணியாரத்துக்கு மா எவ்வளவு என்பதையும் மறவாது எழுதிவைத்தார்! பின்னர் 1390ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் 2ஆம் ரிச்சட் மன்னனுடைய மடைத்தொழிலாளர் தொகுத்த சமையல் ஏட்டிலே, தயிர்க்கட்டியுடன் சீனியும் முட்டை வெண்கருவும் எல்டர் மலரும் கலந்து சுடும் ஒரு பண்டம் காணப்படுகின்றது. பாற்கட்டிக்கு மணமூட்டுதல் இக்காலத்துப் புதுமையென்று எண்ணுவோர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நன்று.

இன்று வழங்கும் மென்பாற்கட்டி, அதாவது கிரீம் சீஸ், அமெரிக்காவில் உருவானது. நியூயோர்க் மாநிலத்துச் செஸ்டர் என்னும் ஊரிலே 1870களில் வில்லியம் லோரன்ஸ் என்னும் பால்வணிகர், பிரெஞ்சு நாட்டு மென்பாற்கட்டி ஒன்றினைப் பின்பற்றிச் செய்யும்போது அதனோடு பாலேட்டையும் மிகுதியாகச் சேர்த்தார். 1880இல் அப்பொருளுக்குப் பிலடெல்பியா என்ற பெயர் சூட்டப்பட்டது. பொருள் விளைந்ததோ நியூயோர்க்கில். பாலுணவுக்குப் புகழ்பெற்றிருந்ததோ பிலடெல்பியா. பெயரை இரவல் வாங்கியது வணிகத்தின் சாதுரியம். சுடப்படாமலே உண்ணத்தக்கதாக இது விளங்குவதற்குக் காரணம், தொழிற்சாலையிற் பாலைச் சூடேற்றிக் கிருமியகற்றிய பின்னரே உறையிடுவதாகும். முதலாவது தீ அங்கே எரிகின்றது. விலையுயர்ந்த அப்பாற்கட்டி கிடையாதவிடத்து, எருமைத் தயிரை மெல்லிய துணியிற் கட்டி ஓரிரவு தொங்கவிட்டு நீரை வடித்தெடுத்தால், சற்றுப் புளிப்பாயினும் பயன்படும்.

அடித்தளமான பிஸ்கற்றின் கதை நகைப்புக்கிடமானது. அமெரிக்கர் இதற்குக் கிரகாம் பிஸ்கற்றை உபயோகிப்பர். சில்வெஸ்ரர் கிரகாம் (1794–1851) என்னும் மதபோதகர் தவிடு நீக்காத கோதுமை மாவே உடலுக்கும் ஒழுக்கத்துக்கும் உகந்ததென்று ஊரூராகப் பேசியவர். இறைச்சியையும் மதுவையும் மாத்திரமன்றித் தேநீரையும் கோப்பியையும் கண்டித்தவர். அவர் பெயர்தாங்கிய பிஸ்கற் இன்று சீனிக்கும் தேயிலைக்கும் தளமாகப் பரப்பப்படுவதை அவர் கண்டிருப்பின் என்ன கூறியிருப்பாரோ! இலங்கையிற் கைக்கெட்டுவது மாரி பிஸ்கற். 1874இல் உருசிய இளவரசி மரியாவுக்கும் எடின்பரோக் கோமகனுக்கும் நடந்த திருமணத்தையொட்டி, இலண்டன் நகரத்துப் பீக் பிரீன் நிறுவனம் செய்தளித்தது அது. பாலில் தோய்த்த மாரி பிஸ்கற்றை அடுக்கடுக்காய் வைத்துக் குளிரவிடும் பிஸ்கற் புடிங் இங்கே வீடுதோறும் அறிந்த பண்டமாதலால், அடுப்பேறாத கேக் இந்நாட்டவருக்கு முற்றிலும் அந்நியமன்று.

பாற்கட்டி கலையாது நிற்க உறைபொருள் வேண்டும். 1679இல் தெனிஸ் பப்பான் என்னும் பிரெஞ்சு அறிஞர், ஆவி அடங்கிய கலத்திலே எலும்பை மெதுவாக்கிக் கூழ் எடுக்கும் கருவியை இலண்டனில் வேத்தியற் கழகத்தார்க்குக் காட்டினார். எலும்பிலும் தோலிலும் இருந்து வடிக்கும் ஜெலற்றினைத் தூளாக்கி உபயோகிக்கும் முறைக்கு அமெரிக்கரான பீற்றர் கூப்பர் 1845இல் உரிமைப் பத்திரம் பெற்றார். சைவ உணவினர் அதனைத் தீண்டார். அவர்க்குக் கைகொடுப்பது கடற்பாசி. யாழ்ப்பாணக் கடனீரேரியிலும் கற்பிட்டிப் பகுதியிலும் எடுக்கப்பட்ட பாசி 19ஆம் நூற்றாண்டிலேயே 'இலங்கைப் பாசி' என்ற பெயரோடு மேலைநாட்டு மருந்துநூல்களில் இடம்பெற்றது. நோன்புக் காலத்தில் முஸ்லிம் இல்லங்களிற் செய்யப்படும் கடற்பாசி இனிப்பையும் யாவரும் அறிவர். ஆனால் ஜெலற்றின் இளஞ்சூட்டிற் கரைந்துவிடும். கடற்பாசியோ கொதிக்கவைத்தாலன்றிக் கரையாது. ஆகவே அதனைக் கொள்வோர் அடுப்பை முற்றாக விலக்குதல் இயலாது.

இவையனைத்தும் இருந்தும், வெப்பநாட்டிலே குளிர் இன்றேல் கேக் இல்லை. ஆவியைச் சுருக்கிக் குளிர் உண்டாக்கும் இயந்திரத்துக்கு ஜேக்கப் பேர்க்கின்ஸ் 1834இல் உரிமைப் பத்திரம் பெற்றார். ஜெனரல் எலெக்ரிக் நிறுவனம் 1927இல் விற்பனைக்கு விட்ட பெட்டிதான் அமெரிக்க வீடுகளிற் பெருவழக்காயிற்று. மணிக்கணக்காய் அடுப்படியில் வெந்த பெண்களுக்கு அது பெரும் ஆறுதல். அதனைச் சிறிதும் குறைத்துச் சொல்லலாகாது.

உச்சியில் வைக்கும் ஸ்ட்ரோபெரியும் ஓர் அரசியற் பயணத்தின் பயன். பிரெஞ்சுப் படைப் பொறியியலாளரான பிரேசியே, தென்னமெரிக்காவிலுள்ள ஸ்பானியர் கோட்டைகளை வேவுபார்க்கச் சென்று, 1714இல் சிலி நாட்டுச் செடிகளுட் பிழைத்த ஐந்தோடு திரும்பினார். அவை பெண் செடிகளாதலால் தனித்துக் காய்க்கவில்லை. வட அமெரிக்க இனச் செடி அருகில் நின்று மகரந்தம் ஈந்தபோது பெரும்பழம் பிறந்தது. அக்கலப்பை டியூஷேன் என்னும் இளம் தாவரவியலாளர் 1766இல் விளக்கினார். அப்பழமே இன்று நுவரெலியாவிலும் விளைகின்றது.

நுவரெலியா மலைகளில் அப்பழத்துக்கு மேலாக நிற்பது தேயிலை. இக்கேக்கிலே மிகக் குறைந்த அளவிற் சேர்வதும், மிகுந்த உழைப்பைத் தாங்கி வருவதும் அதுவே. 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். தம் இல்லத்து விறாந்தையிலே இலையைக் கையால் உருட்டுவித்து, மண்ணடுப்புகளிற் கரித்தணலின் மேல் உலர்த்தினார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கவே, மலைநாடு தேயிலைக்கு மாறியது. கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, இறுதியில் விறகுச் சூளையின் வெப்பக் காற்றில் உலர்த்துவது இன்றும் பல தொழிற்சாலைகளின் வழக்கு. ஏறக்குறைய 5 இறாத்தல் பச்சைக் கொழுந்து 1 இறாத்தல் தேயிலையாகும்.

அக்கொழுந்தைக் கிள்ளியவர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர். கோப்பிக் காலத்திலே மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியாக மாத்தளை நோக்கி நடந்தோருட் பலர், வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மாண்டனர். அவர்தம் மரபினர் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தாற் பெரும்பாலும் நாடற்றவராயினர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராக்கி, 1,50,000 பேரின் முடிவைப் பிற்போட்டது. எஞ்சியோர்க்கு உரிமை வழங்கிய சட்டம் 2003இலேதான் நிறைவேறிற்று. தேயிலைக்கு உலகெங்கும் இலங்கை என்ற பெயர் வழங்கிய காலமெல்லாம், அதனைப் பறித்தவருட் பலருக்கு அப்பெயர் மறுக்கப்பட்டிருந்தது.

இனிச் செய்முறை. 200 கிராம் பிஸ்கற்றைப் பொடித்து, உருக்கிய 100 கிராம் வெண்ணெயுடன் பிசறி, தட்டில் அழுத்திக் குளிரவிடுக. ஒரு கோப்பைப் பாலேட்டை இளஞ்சூடாக்கி, 2 மேசைக்கரண்டி தேயிலையைப் பத்து நிமிடம் ஊறவைத்து வடித்திடுக. நெடுநேரம் ஊறினாற் கசக்கும். குளிர்நீரில் ஊறிய ஜெலற்றின் 2 தேக்கரண்டியை அச்சூட்டிலேயே கரைத்து, ஆறியபின், சீனி சேர்த்து அடித்த 400 கிராம் மென்பாற்கட்டியுடன் கலந்து தளத்தின்மேல் ஊற்றுக. ஆறு மணிநேரமேனும் குளிரிலிருந்து நன்கு உறைந்த பின்னர், சீனியும் சிறிது தேசிக்காய்ச் சாறும் இட்டுக் காய்ச்சி ஆறவைத்த பழப்பாகை மேலே பரப்பலாம். வெட்டும்போது கத்தியை வெந்நீரில் தோய்த்துத் துடைத்துக்கொண்டால் துண்டுகள் சிதையா.