வால்க்னுட்

மூன்று முக்கோணங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டிருக்கும் பழைய வடஐரோப்பியச் சின்னம் வால்க்னுட். வைக்கிங் காலத்து ஸ்காண்டிநேவியாவில் கல்லிலும் மரத்திலும் இதைச் செதுக்கினார்கள். இன்று வெள்ளிப் பதக்கங்களிலும் பச்சை குத்தும் கடைகளிலும் ‘ஓடின் தெய்வத்தின் குறி’ என்று அடித்துச் சொல்கிறார்கள். அந்த உறுதி பழைய சான்றுகளில் இல்லை.

பெயரே பிற்காலத்தது. போர்க்களத்தில் மடிந்தோரைக் குறிக்கும் பழைய நோர்ஸ் சொல்லும் முடிச்சைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்தது இது என்பது வழக்கமான விளக்கம். நோர்ஸ் புராணங்களில் வரும் வால்ஹல்லா, வால்கிரி என்ற பெயர்களின் முன்பாதியும் போர்க்களத்தில் மடிந்தோரைக் குறிக்கும் அதே சொல்தான். ஆனால் நார்வே நாட்டு நெசவில் ‘வால்க்னுட்’ என்பது நான்கு மூலைகளிலும் வளையம் கொண்ட சதுரம். 1984 முதல் மெக்கின்டாஷ் விசைப்பலகையின் ‘கமாண்ட்’ விசையில் இருப்பதும் அந்தச் சதுரத்தின் வடிவமே. முக்கோணச் சின்னத்துக்கு இந்தப் பெயரை இட்டது நவீன காலம். வைக்கிங்குகள் அதை எப்படி அழைத்தார்கள் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை.

சின்னத்தைப் புரிந்துகொள்ள, அது எவற்றின் நடுவே இருக்கிறது என்று பார்ப்பதே நல்ல வழி. ஸ்வீடனின் கோட்லாந்துத் தீவிலுள்ள ஸ்டோரா ஹம்மர்ஸ் சித்திரக்கல் இதற்குத் தலையாய சான்று. சுண்ணாம்புக்கல்லில் மேலிருந்து கீழாகக் காட்சிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் வளைந்த மரத்தில் ஒரு வீரன் சுருக்கில் கட்டப்பட்டிருக்கிறான். பக்கத்தில் சிறு பலிமேடை. அதன்மேல் ஒருவன் குப்புறக் கிடக்க, இன்னொருவன் அவன்மேல் குனிந்து நிற்கிறான். அவர்களின் தலைக்கு மேலே முக்கோண முடிச்சு, அதையொட்டிப் பறக்கும் பறவை. தூக்கும் பலியும் ஓடினுக்கு உரியவை. அவரே ஈட்டியால் குத்துண்டு மரத்தில் தொங்கியவர் என்கின்றன நோர்ஸ் புராணங்கள். ஓடினோடு இச்சின்னத்தை இணைப்பவர்களுக்கு இந்தக் கல்லே பெரும் பலம்.

ஆனால் நிழற்படங்களில் பளிச்சென்று தெரியும் கோடுகளை அப்படியே நம்பிவிடக் கூடாது. பழைய வண்ணம் போய்விட்டது, செதுக்கலும் தேய்ந்துபோயிற்று. கோட்லாந்துச் சித்திரக்கற்களைப் பற்றி 1941-42இல் வெளிவந்த தம் பெருநூலுக்காக, பக்கவாட்டில் ஒளி பாய்ச்சித் தமக்குத் தெரிந்த கோடுகளின்மேல் வண்ணம் தீட்டியவர் ஆய்வாளர் சூனே லிண்ட்குவிஸ்ட். நாம் காணும் பல உருவங்கள் அவர் கண்டவை.

கோட்லாந்தின் டெங்கெல்கோர்டா கல்லில் குதிரைவீரன் ஒருவனின் குதிரைக்குக் கீழே முடிச்சுகள் உள்ளன. இம்முடிச்சின் வடிவத்தில் இரு வகை உண்டு. ஒன்றில் மூன்றும் தனித்தனி முக்கோணங்கள். ஒன்றை அறுத்தால் மற்ற இரண்டும் கழன்றுவிடும். மற்றொன்று எங்கும் முறியாத ஒரே கோடு. விரலை வைத்துப் போனால் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரலாம். இங்கிலாந்தில் நீன் ஆற்றில் கிடைத்த ஆங்கிலோ-சாக்சன் பொன் மோதிரத்திலும் இம்முடிச்சு இருக்கிறது. அது 8 அல்லது 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

நார்வேயின் ஊசெபெர்க் கப்பல் சான்று வேறு திசையில் இழுக்கிறது. கி.பி. 834இல் மண்ணுக்குள் போன அக்கப்பலை 1904-05இல் அகழ்ந்தார்கள். அதிலிருந்த கட்டிலின் மரத்தில் இந்தச் சின்னம் செதுக்கப்பட்டிருந்தது. கப்பலில் கிடத்தப்பட்டிருந்தவர்கள் இரண்டு பெண்கள். களத்தில் விழுந்த வீரனுக்கு மட்டுமே உரிய குறி என்றால் அது இந்தக் கட்டிலுக்கு வந்திருக்காது. பொதுவாகச் சாவோடும் அடக்கத்தோடும் அதற்கு உறவு இருந்திருக்கும் என்று கொள்வதே பொருத்தம்.

ஆய்வாளர் எல்லிஸ் டேவிட்சன் முடிச்சு என்ற கருத்தையே பிடித்துக்கொண்டார்: மனிதரின் மனத்தைக் கட்டவும் அவிழ்க்கவும் வல்லவர் ஓடின், போரில் ஒருவனைச் செயலறச் செய்வதும் அச்சத்திலிருந்து விடுவிப்பதும் அவர் கையில். இன்னொரு விளக்கம் 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதிய எட்டா என்னும் நூலிலிருந்து எழுகிறது. தோர் தெய்வத்துடன் மோதி மடிந்த ருங்னிர் என்னும் அரக்கனுக்கு மூன்று முனைகள் கொண்ட கல் இதயம் இருந்தது. ‘ருங்னிரின் இதயம்’ என்று ஒரு செதுக்குக்குறியும் வழங்கியதாக ஸ்னோரி எழுதுகிறார். அது இந்த முக்கோணமாக இருக்கலாம். ஆனால் அந்தக் குறியின் படத்தை அவர் வரைந்து வைக்கவில்லை.

20ஆம் நூற்றாண்டில் பழைய நோர்ஸ் சமயத்தை மீட்டெடுத்தவர்கள் இதைத் தம் நம்பிக்கையின் அடையாளமாக ஏற்றார்கள். வெள்ளை இனவெறிக் குழுக்கள் சிலவும் இதைத் தமதாக்கிக்கொண்டன. அவை ஏற்றும் இனவெறிப் பொருளுக்குப் பழைய கல்லிலும் கட்டிலிலும் துளியும் சான்றில்லை. ஸ்டோரா ஹம்மர்ஸ் கல் இன்று கோட்லாந்தின் வடபகுதியில், புங்கே திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நிற்கிறது.