டியர் காட் (பாடல்)

இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகர ராக் குழுவான எக்ஸ்டிசி 1986இல் வெளியிட்ட பாடல். எழுதியவர் ஆண்டி பார்ட்ரிட்ஜ். கடவுளுக்கு எழுதும் கடிதமாகத் தொடங்கி, உலகின் துயரங்களைக் காட்டி அவர் இருப்பையே மறுக்கிறது. முதல் வரிகளைப் பாடுவது ஒரு சிறுமி. குழுவின் 'ஸ்கைலார்க்கிங்' இசைத்தொகுப்பில் இடம் கிடைக்காமல், 'கிராஸ்' இசைத்தட்டின் பின்பக்கத்தில் ஒதுங்கிக் கிடந்தது. அமெரிக்கக் கல்லூரி வானொலிகள் தட்டைத் திருப்பிப் போட்டன. நேயர்கள் விடாமல் கேட்டார்கள். குழுவின் அமெரிக்க வெளியீட்டாளரான கெஃபன் நிறுவனம் 'மெர்மெய்ட் ஸ்மைல்ட்' பாடலை நீக்கி, இதைச் சேர்த்துத் தொகுப்பை மறுபடி வெளியிட்டது. எதிர்ப்பும் கடுமைதான்: ஃபுளோரிடா வானொலி நிலையம் ஒன்றுக்கு வெடிகுண்டு மிரட்டல், பார்ட்ரிட்ஜுக்கு வசைக் கடிதங்கள். வேடிக்கை, அவருக்கே பாடலில் நிறைவில்லை. அத்தனை பெரிய பொருள் சில நிமிடங்களுக்குள் அடங்கவில்லை என்றே கருதினார்.